பத்தாவது முளைக்கு அப்பால்

ஜனவரி 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் மகள் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். எனக்கு இடது காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. போனில் நீங்கள் பேசினால் இரைச்சல்தான் கேட்கிறது, அதனால் பழையபடி கடிதம். தங்கையின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலக்காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். இடக்காலா என்றும் ஒரு சந்தேகம். டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு விஷயமாக எழுதுகிறேன். உங்கள் ஊர் மருத்துவமனையின் கட்டுமானப் பிரிவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பின்பக்கத்துக் காலி மனையில் ஆறு மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். அலமாரியைக் குடைந்தபோது நம்முடைய பழைய அறிக்கை கிடைத்திருக்கிறது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நாம் செய்த அதிர்வலை ஆய்வு. நான் கருவியில், நீங்கள் சம்மட்டியில். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்கு மேலே, "பின்பக்கம் பதினைந்து மீட்டர் ஆழத்தில் கெட்டிப் பாறை" என்று இருக்கிறது. முன்பக்கத்தில் துளை போட்டுப் பார்த்துவிட்டார்கள். பின்பக்கத்துக்குத்தான் ஏற்கெனவே அறிக்கை இருக்கிறதே, இன்னோர் ஆய்வு எதற்கு என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். அடித்தளத் தூண்களைப் பதினைந்து மீட்டரில் நிறுத்திவிடப் போகிறார்கள். "அந்தப் பாறையை நம்பலாமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். பிப்ரவரி முடிவதற்குள் பதில் வேண்டுமாம்.

அன்று அங்கே வருவதாக இருந்தது ஒரு தரைத்தளக் கட்டடம். எதன் மேல் நின்றாலும் நின்றிருக்கும். ஆறு மாடி அப்படியல்ல. அதுவும் படுக்கையில் ஆட்கள் இருக்கும் கட்டடம்.

என் களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று கோடுகளில் ஆய்வு செய்திருக்கிறோம். பின்பக்கத்தில் போட்டது மூன்றாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மதியம் நடந்தது ஏதாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எதுவானாலும் எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இங்கே வேறு செய்தி இல்லை.

அன்புடன்,
உங்கள் மச்சான்


ஜனவரி 22

அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கை வலக்காலை வைத்து ஏறினாள், வலித்தது. இடக்காலை வைத்து ஏறினாள், வலித்தது. இப்போது ஏறுவதையே விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தபடி என்னை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறாள். எனக்கு எழுபது வயதாகிறது என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது. மற்றபடி இருவரும் நலம். உங்கள் காதுக்கு என்ன, நல்லதைக் கேட்கும்போது மட்டும் கேட்டால் போதாதா?

கடிதத்தைப் பார்த்ததும் அந்த ஏழு கிலோ சம்மட்டி தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீங்கள் குடைக்குக் கீழே கருவியை வைத்துக்கொண்டு, காதுக்கு ஒன்றாக இரண்டு பென்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஒரு போடு போட்டால், "மறுபடி" என்பீர்கள். இன்னொரு போடு போட்டால், "மறுபடி, ஒரே ஒரு தடவை" என்பீர்கள். ஆபீசில் உங்களுக்கு 'மறுபடி சார்' என்று பெயர் வைத்தவன் நான்தான். இத்தனை நாள் கழித்து ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தது யார் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த மதியம் என்ன நடந்தது என்று கேட்டால், வெயில் அடித்தது. வேறென்ன நடக்கும்? நீங்கள் போட்ட கணக்கில் தப்பு வராது மச்சான். கூட்டல் கணக்கை நாலு தடவை சரிபார்க்கிறவர் நீங்கள். நம்பலாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

உங்கள் தங்கை கேட்கிறாள்: "தரையில சம்மட்டியால அடிச்சா அடியில பாறை இருக்கிறது எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சொன்னதே இல்லையே." எனக்கு அடிக்கத் தெரியும், விளக்கத் தெரியாது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குப் பெயர் வைத்தது யார் என்று அப்போதே தெரியும். பாதகமில்லை. தங்கையை ஒரேயடியாக நடக்காமல் இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவள் கேட்டதை என்னால் முடிந்தவரை எளிதாக எழுதுகிறேன். அந்த மனையில் மேலே இருப்பது பொலபொலப்பான மண். அதில் அதிர்வு மெதுவாக நடக்கும், வினாடிக்கு நானூறு மீட்டர் போல. அதன் கீழே உளுத்துப்போன பாறை, அதில் மூன்று மடங்கு வேகம். அதற்கும் கீழே கெட்டிப் பாறை, அதில் வினாடிக்கு நாலாயிரம் மீட்டர். பக்கத்து வீட்டுக்குப் போகிறவன் சந்துக்குள்ளேயே நடந்து போய்விடுவான். நாலு தெரு தள்ளிப் போகிறவன், சந்தை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி, இறங்கித் திரும்பவும் சந்துக்குள் நடந்தாலும், நடந்தே போகிறவனை முந்திவிடுவான். அதிர்வும் அப்படித்தான். அடிக்கிற இடம் கருவிக்குப் பக்கத்தில் இருந்தால், மேல்மண் வழியாக வருவது முதலில் வந்து சேரும். தூரம் கூடக்கூட, கீழே இறங்கிப் பாறையோடு ஓடி மேலே ஏறி வருவது முந்திக்கொள்ளும். மெயின் ரோடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி தூரம் போனால்தான் பஸ் பிடிப்பதில் லாபம். எந்தத் தூரத்தில் முந்துகிறது என்று பார்த்தால், மேலே கிடக்கும் அடுக்கின் கனத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

நாம் செய்ததும் இதுதான். கருவியும் நானும் ஓரிடத்தில். மூன்று மீட்டருக்கு ஒன்றாக இருபது முளை அடித்து வைத்திருந்தோம். நீங்கள் ஒவ்வொரு முளையாகத் தள்ளிப் போய், இரும்புத் தகட்டை வைத்து அடித்து, முளையின் எண்ணைக் கூவுவீர்கள். அதிர்வு வந்து சேர எடுத்த நேரத்தை நான் எழுதிக்கொள்வேன். புதர் மறைத்ததால் பாதித் தூரத்துக்கு மேல் உங்கள் குரல்தான் எனக்கு அடையாளம்.

மூன்றாம் கோட்டின் சிக்கல் இது. மேல்மண் தெரியும் முதல் சில முளைகளை விட்டால், பத்தாவது முளை வரும்வரை ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இரண்டேகால் மில்லி செகண்ட் கூடுகிறது. பத்தாவதைத் தாண்டியதும் முக்கால். அதிலிருந்து கடைசி வரை முக்கால், முக்கால், முக்கால். தாளில் கோடு கத்தியால் வெட்டியதுபோல மடங்குகிறது. அந்த மடிப்பை வைத்துத்தான் கெட்டிப் பாறை என்றும் பதினைந்து மீட்டர் என்றும் எழுதினேன். மற்ற இரண்டு கோடுகளிலும் அறுபது மீட்டர் போன பிறகும் அப்படி ஒரு மடிப்பு இல்லை. இப்போது முன்பக்கத்தில் துளை போட்டதில் பாறை இருபத்தேழு மீட்டரில்தான் வந்ததாம். பாறை மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

தவறு என்னுடையதாக இருக்க வேண்டும். கருவியின் பேட்டரி தளர்ந்திருக்கலாம். முள்ளைச் சாய்வாகப் பார்த்திருக்கலாம். வரிசை மாற்றி எழுதியிருக்கலாம், சாப்பிட்ட அசதி இருந்திருக்கலாம், முளைகளை அளந்த நாடா இழுபட்டிருக்கலாம், பெருக்கும்போது ஒரு புள்ளியை விட்டிருக்கலாம். ஆறு காரணம் யோசித்தேன், ஆறும் என்னைச் சேர்ந்தவை. எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அதனால் திரும்பவும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்தாவது முளைக்குப் பிறகு ஏதாவது நினைவிருக்கிறதா?

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 5

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால் தவறிவிட்டதோ, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று கவலையாக இருக்கிறது. என் மகள் போன் செய்தபோது தங்கை, எல்லோரும் நலம் என்றாளாம்.

பொறியாளருக்கு, மூன்றாம் கோட்டின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். அவர் மரியாதையாகவே பதில் போட்டிருக்கிறார். அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "ஐயா, சந்தேகம் என்று சொன்னால் மேலிடத்தில் சிரிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். என்ன தவறு நடந்தது, எந்த இடத்தில் நடந்தது என்று ஒரே ஒரு வரி கொடுங்கள். மறு ஆய்வுக்கு நான் அனுமதி வாங்கிவிடுகிறேன். ஏப்ரல் பதினைந்தில் அடித்தளப் படத்துக்கு ஒப்புதல் ஆகிவிடும். அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை."

அந்த ஒரு வரியை நான் பதினோரு தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அனுப்பும்படியாக இல்லை.

நீங்களும் தங்கையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். முழங்கால் அப்படியேதான். நீங்கள் மதியத்தில் தூங்கிவிட்டு மாலையில் நடக்கிறீர்களா, இல்லை தூங்குவது மட்டும்தானா?

இவருக்கு என்ன எழுதினீர்கள்? உங்கள் பிப்ரவரிக் கடிதத்தில் சந்து, பஸ் எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்புறம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மீதியைப் படிக்கவில்லை. மார்ச்சில் வந்ததை என்னிடம் காட்டவே இல்லை.

சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. உங்களுக்கே தெரியும், குறை சொல்லாமல் அவர் சாப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பின்பக்க மனையில் போய் நிற்கிறாராம், மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார். கேட்டால், "சும்மா நின்னேன். நிக்கக்கூடாதா?" என்கிறார். முந்தாநாள் தரையில் எட்டு வைத்து எண்ணிக்கொண்டிருந்தாராம். அந்த மருந்துக்கடைக்காரர் என்னிடம், "ஐயா ஏதும் மனை வாங்கப் போறாரா?" என்று விசாரிக்கிறார்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டாம். ஆனால் அவர் இப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. சீக்கிரம் எதையாவது எழுதி முடித்துவிடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 6

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கும் காது தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கட்டும்.

இன்று காலை மருத்துவமனைக் கட்டுமான ஆபீசுக்குப் போய் அந்தப் பொறியாளர் அம்மாவைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் வேடிக்கையாக எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதனால் அங்கே முதலில் போய்விட்டேன்.

பத்தாவது முளைக்கு அப்பால் நான் சரியாகப் போகவில்லை மச்சான். பின்னால் மர அறுவை மில் இருந்தது, நினைவிருக்கிறதா? வேலி கிடையாது. பதினாறாவது முளைக்குப் பக்கத்தில் ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கன்றுக்குட்டி உயரம். குரைக்கவில்லை. குரைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது. பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குச் சின்ன வயதிலிருந்து நாய் என்றால் பயம். யாருக்கும் தெரியாது, உங்கள் தங்கைக்கும் தெரியாது. ஏழு கிலோ சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நாய்க்குப் பயந்து பத்தாவது முளையில் நின்றவன் நான். அதற்கப்புறம் மூன்று மீட்டருக்குப் பதிலாக ஒரு நீள எட்டு வைத்தேன். அடித்தேன், "பதினொண்ணு" என்று கூவினேன். இன்னொரு எட்டு, "பன்னெண்டு". நம்பர் ஏற ஏறக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன், தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று. அந்த மூளையை நல்லதுக்குச் செலவழித்திருந்தால் நானும் அதிகாரியாகியிருப்பேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"நாயா ஐயா?"

"நாய்தாம்மா."

"சங்கிலி எவ்வளவு நீளம் இருக்கும்?"

எதற்குக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. நான் எந்த இடத்தோடு நின்றேன் என்று கணக்குப் போடுவதற்காம். மனைக்குக் கூட்டிப் போய் நின்ற இடத்தைக் காட்டினேன். கருவியிலிருந்து நாற்பது மீட்டர் வந்தது.

உங்கள் கணக்கில் தப்பே இல்லை, நான் கொடுத்த தூரம்தான் பொய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு காரணமும் உங்களுடையது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் சொன்னேன். உங்கள் தங்கை, "அந்த மில் நாயா? நான் கல்யாணமாகி வந்தப்பவே அதுக்குப் பல்லு கிடையாதே" என்றாள்.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் பதினைந்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நேற்றுப் பொறியாளருக்கு அந்த ஒரு வரியை அனுப்பிவிட்டேன். நீங்கள் என் மூலமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் நகல் எழுதுகிறேன்: "மூன்றாம் கோட்டில் சம்மட்டி நாற்பதாவது மீட்டருக்கு மேல் போகவில்லை என்பதற்கான அடையாளத்தை அன்றே கண்ணால் பார்த்தும், அறுபது மீட்டர் என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்." சம்மட்டி யார் கையில் இருந்தது என்று எழுதவில்லை. அவர் கேட்டாலும் எழுதமாட்டேன்.

பிப்ரவரியில் ஆறு காரணம் எழுதினேன். ஏழாவது ஒன்று இருந்தது. அடி விழுந்த நொடியைக் கருவிக்குச் சொல்ல, சம்மட்டியிலிருந்து வரும் வயரை ஒரு சுருளில் சுற்றி வைத்திருப்போம். பத்து மீட்டருக்கு ஒரு துணி கட்டி எண் எழுதியிருக்கும். நீங்கள் "இருபது" என்று கூவியபோது நான் சுருளைப் பார்த்தேன். இருபதாவது முளை என்றால் அறுபது மீட்டர் வயர் வெளியே போயிருக்க வேண்டும். நாற்பது என்று எழுதிய துணி அப்போதுதான் சுருளை விட்டு வெளியே வந்து என் காலடியில் கிடந்தது. நீங்கள் புதருக்குள்ளிருந்து வருவதற்குள் அதைச் சுருளுக்குள் இழுத்துவிட்டேன்.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அது நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அன்புடன்,
உங்கள் மச்சான்


ஏப்ரல் 19

மச்சானுக்கு,

இங்கே நலம்.

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கிறது. பொறியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு உங்கள் வரியைக் காட்டினார். "ஒரே தப்புக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறீங்க. எனக்கு நல்லதாப் போச்சு, ரெண்டையும் சேர்த்து வெச்சுட்டேன்" என்றார். மறு ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டது. படத்துக்கு ஒப்புதலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த மட்டில் சந்தோஷம்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பார்த்தீர்கள், அன்றைக்கே பார்த்துவிட்டு, நாற்பத்தொரு வருஷம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் அந்த மருத்துவமனை வழியாகப் போகும்போதெல்லாம் பின்பக்கம் திரும்பாமல் போனவன். யாராவது வீட்டில் படுக்கையில் விழுந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன். மச்சான் பயந்த மனுஷன், கணக்கை மட்டும்தான் பார்ப்பார், மனுஷனைப் பார்க்கமாட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று மதியம் நீங்கள் ஒரு தடவைகூட "மறுபடி" என்று சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஜனவரியில் நினைவிருக்கிறதா நினைவிருக்கிறதா என்று எழுதினீர்களே. விடை தெரிந்த வாத்தியார் பையனை எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிற மாதிரி. ஏன் நேராகக் கேட்கவில்லை? "அங்க போனியா, இல்லையா?" மூணே வார்த்தை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 28

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஒரு வார்த்தைக்கும் மறுப்பு இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணம் மட்டும்தான். அந்த வேலைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கும் தங்கைக்கும் பேசி முடித்தோம். சனிக்கிழமை வரை உங்களிடம், "பயில்வான், எட்டாவதுக்குப் போ. அடி. மறுபடி அடி" என்று சொல்லிவந்தவன் நான். திங்கட்கிழமை நீங்கள் சம்மட்டியோடு வந்து நின்றபோது, "வாங்க மாப்பிள்ளை" என்றேன். அதற்கப்புறம் மறுபடி என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. மாப்பிள்ளையை எப்படி வெயிலில் இன்னொரு தடவை அடிக்கச் சொல்வது? முதல் இரண்டு கோடுகளிலும் உங்களிடம் ஒன்றும் கேட்காமல் ஓட்டிவிட்டேன், நல்லவேளையாக நீங்கள் சரியாகச் செய்திருந்தீர்கள். மூன்றாவதில் உங்கள் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று, சம்மட்டிச் சத்தம் தேயவில்லை. எனக்கு அப்போது காது நன்றாகக் கேட்கும். தலையை நிமிர்த்திச் சுருளைப் பார்த்தேன். பெண் கொடுக்கப்போகிற வீட்டில் முதல் வாரமே மாப்பிள்ளையைப் பொய் சொன்னாயா என்று கேட்க என்னால் முடியவில்லை. தங்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இருந்தது. எதை எழுதினாலும் அந்தத் தரைத்தளக் கட்டடம் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

நாய்க்குப் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் பயந்தது உங்களுக்கு.

தங்கையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மே 27

அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கை இப்போது இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். மூன்று வாரமாக அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகிறேன், அங்கே ஒரு பெண் காலை மடக்கி நீட்டப் பழக்குகிறது. நானும் நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. எனக்கு ஒருவர் பயந்தார் என்பது பழகக் கொஞ்சம் நாளாகிறது.

போன வாரம் மறு ஆய்வு நடந்தது. பொறியாளர் அம்மா என்னையும் வரச் சொன்னார். இப்போது ஒரு கருவி இல்லை மச்சான், இருபத்துநாலு. ஐந்து மீட்டருக்கு ஒன்றாக வரிசையாகக் குத்திவிடுகிறார்கள். இந்தக் கோடியில் சில அடி, நடுவில் சில அடி, அந்தக் கோடியில் சில அடி. அவ்வளவுதான், எல்லாம் பெட்டியில் பதிவாகிவிடுகிறது. யாரும் கூவுவதில்லை. மர மில் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள், அதையும் தாண்டிக் கோடு போனது. முதல் கணக்கில் பாறை இருபத்தொன்பது மீட்டரில் இருக்கிறது என்று வந்திருக்கிறது. பதினைந்தில் இருப்பது உளுத்த பாறைதானாம். தூண் எல்லாவற்றையும் நீட்டிப் புதுப் படம் போடுகிறார்கள்.

உங்களைக் கேட்டார். நேரப் பட்டியலையும், கருவி வைத்த தூரங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறார். பழைய கையெழுத்துக்காரர் ஒரு தடவை பார்த்துச் சரியென்று சொன்னால் தனக்குத் தெம்பாக இருக்குமாம். தூரம் எல்லாம் சரியாக இருக்கிறது, பக்கத்திலேயே இருந்தேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். கருவி குத்திய இடங்களில் அடையாளத்துக்கு அடித்த முளைகளை அடுத்த மாதம்தான் பிடுங்குவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். தங்கை படி ஏறுவது கேட்டு மகிழ்ச்சி.

பட்டியலை நாலு நாள் பார்த்தேன். கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டு கோடியிலிருந்தும் அடித்திருப்பதால் பாறையின் சரிவும் தெரிகிறது. நான் அன்று ஒரு கோடியிலிருந்துதான் பார்த்தேன், அதுவும் ஒரு குறை. ஆனால் கடைசி மூன்று கருவிகளில், அதாவது வண்டி நிறுத்தும் இடத்தில் இருப்பவற்றில், நேரம் கொஞ்சம் முன்னதாக வந்திருக்கிறது. பாறை அங்கே மேலே எழும்பியிருக்கலாம். வண்டிகள் நின்றதால் ஐந்து மீட்டருக்குப் பதிலாக நாலு மீட்டரில் குத்தியும் இருக்கலாம். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தூரம் சரி என்று நீங்கள் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை ஒரு தடவை கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடைசி மூன்றையும் அளந்து குத்தியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


ஜூன் 9
(அஞ்சலட்டை)

மச்சானுக்கு,

நலம். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தேன். முளைகள் இன்னும் நிற்கின்றன. நாளைக் காலையில் நாடாவோடு போகிறேன். உங்கள் தங்கை ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அளந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை